கோந்த்ரானின் அம்மா

மூப்பு என்னும் கொடிய நோயைப் பூண்டோடு ஒழித்த பெருமை பிரெஞ்சு சினிமாவையே சேரும். வைத்தியம் ஆண்களுக்கு மட்டும்தான் பலிக்கிறது என்பது சின்ன விஷயம். அதைப் பெரிதுபடுத்துவது நாகரிகம் ஆகாது.

நடிகை செவரின் லெகேரின் கலைவாழ்க்கையே இதற்குச் சாட்சி. முதல் படத்தில் அவள் நடிகர் கோந்த்ரானுக்கு மகள். பிறகு காதலி, பிறகு மனைவி. பிறகு கைவிடப்பட்ட மனைவி. ஜன்னல் ஓரம் பேசாமல் நின்றதற்கு விருதும் கிடைத்தது. சென்ற படத்தில் மாமியார். கோந்த்ரான் மட்டும் எல்லாப் படத்திலும் அதே கறுப்புக் கம்பளிச் சட்டையில் நாற்பத்தைந்து வயதிலேயே நின்றுகொண்டிருந்தார்.

அதன் பிறகு அவளை யாரும் கூப்பிடவில்லை. கோந்த்ரானின் புதிய படத்தில் காதலி வேடம் காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டதும், ஐம்பத்தொரு வயதில் அவளுக்குத் தூக்கம் போயிற்று. அது கிடைக்காவிட்டால் இனி எதுவும் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

அந்தப் படத்தின் தயாரிப்பாளர் அன்செல்ம் அவளை மதிய விருந்துக்கு அழைத்தார். பாரிஸில் விருந்தின் கடைசியில் சீஸ் தட்டு வரும் முன் தொழில் பேசுவது பண்பாட்டுக் குற்றம். ஆகவே சிப்பி தீரும்வரை அவர் அவளுடைய "அமரக் கலை"யைப் புகழ்ந்தார். வாத்துக்கறி தீரும்வரை அவளுடைய மௌனத்தைப் புகழ்ந்தார். அவள் பொறுமையாகப் புகழப்பட்டுக்கொண்டிருந்தாள்.

சீஸ் வந்தது.

"மதாம், உங்களுக்கு அம்மா வேஷம்," என்றார்.

"யாருக்கு அம்மா?"

"கோந்த்ரானுக்கு."

"அவர் என்னைவிடப் பதிமூணு வயசு பெரியவர், முசியே."

"அதையும் யோசிச்சுட்டோம். அம்மா சின்ன வயசுலயே செத்துடறாங்க. சுவத்துல போட்டோ மட்டும்தான். உங்களுக்கு அலைச்சலே இல்ல."

செவரினுக்கு அழுகை வந்தது. விருது வாங்கிய அந்த மௌனத்தோடு, கைப்பையிலிருந்து தன் இருபத்தைந்து வயதுப் படம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

அன்செல்ம் பார்த்தார். கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார்.

"யாருங்க இந்தப் பொண்ணு? இவதான் காதலி. இவளைத்தான் ஆறு மாசமாத் தேடறோம். எங்க இருக்கா?"

"உங்களுக்கு எதிர்ல. சீஸ் சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்."

அவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கண்ணில் உண்மையான வருத்தம்.

"என்ன மதாம் நீங்க, கொஞ்சம் பொறுப்பா இருந்திருக்கக் கூடாதா? இப்படி வயசாக விட்டுட்டீங்களே."

"கோந்த்ரானுக்கும்தான் அறுபத்து நாலு ஆகுது."

"அவருக்கு ஆகலாம்," என்றார் அன்செல்ம் கனிவாக. "அவர் நடிக்க வந்தவராச்சே."