மகளுக்குப் பதில் அப்பா

பிள்ளையிடம் கேட்ட கேள்விக்கு முந்திக்கொண்டு தாங்களே பதில் சொல்லும் பெற்றோர் என்று ஓர் இனம் உண்டு. தாம்பரம் ரயிலில் பார்த்திருப்பீர்கள். "உன் பேர் என்னம்மா?" என்று குழந்தையைப் பார்த்துத்தான் கேட்போம். பெயர், வகுப்பு, பிடித்த பாடம், பிடிக்காத காய், போன மாதம் வந்த காய்ச்சல் வரைக்கும் மேலேயிருந்து வரும். குழந்தை திறந்த வாயை மூடிக்கொள்ளும்.

ஷ்யாம்சுந்தர் இந்த இனத்தில் முதல் தரம். மகள் ஓவியா, சேலையூரில் மூன்றாம் வகுப்பு. பள்ளி திறந்து மூன்று மாதமாகியும் வகுப்பில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. டிபன் பாக்ஸோடு தனியாக உட்காருவாள். பேசத் தயங்கும் பிள்ளைகளுக்காகப் பள்ளியில் இசைப் பயிற்சி ஆரம்பித்தார்கள். நடத்துபவர் ஜெரூஷா டீச்சர். முதல் நாள் பெற்றோரும் வரலாமாம். இவர் விடுவாரா?

வட்டமாக உட்கார்ந்து ஒருவர் மேளம் தட்ட, இன்னொருவர் தன் மேளத்தில் அத்தனை தட்டையும் பதிலாகத் தட்ட வேண்டும். அவ்வளவுதான். எதிரே இருந்த ஜேசன் ஓவியாவைப் பார்த்துத் தட்டினான். அவள் கை உயர்ந்தது. அதற்குள் பின்னாலிருந்து டக், டக், டக்! அப்பா.

"சார், அவகிட்டதான் கேட்டான்."

"ஸாரி மேடம், அவ கொஞ்சம் ஷை. நான் ஸ்டார்ட் பண்ணிக் குடுத்தா பிக்கப் பண்ணிப்பா."

மூன்று முறை ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தார். நான்காவது முறை ஜெரூஷா அவருடைய இரண்டு கையிலும் சலங்கைச் சரத்தை வைத்தார்.

"சத்தம் வராம பிடிச்சுக்கணும் சார். இதுதான் உங்க பார்ட்."

ஜேசன் தட்டினான். ஓவியா மேளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரை நிமிடம். ஒரு நிமிடம். இவள் இப்படியே இருந்துவிடுவாளோ என்று ஷ்யாம்சுந்தர் முன்னால் சாய்ந்தார், சலங்கை சிணுங்கியது.

ஓவியா திரும்பினாள். "அப்பா, சும்மா இருப்பா!"

பிறகு தட்டினாள். ஜேசன் பதில் தட்டினான்.

"தப்பு. நான் மூணு தட்டினேன், நீ ரெண்டுதான் தட்டினே."

"ஏய், எனக்கு ரெண்டுதான் கேட்டுச்சு!"

"காதுல பஞ்சா வெச்சிருக்கே?"

வகுப்புத் தோழனிடம் அவள் பேசிய முதல் பேச்சு சண்டைதான். மணி அடித்தும் ஓயவில்லை. வராந்தா முழுக்கச் சண்டை போட்டபடியே போய், ஒரே பெஞ்சில் டிபனைத் திறந்தார்கள். ஷ்யாம்சுந்தருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்க முடியாது, துடைத்தால் சலங்கை சத்தம் போடும்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் டாக்டர் உங்கள் பையனிடம், "எங்கேப்பா வலிக்குது?" என்று கேட்டாரே, யார் பதில் சொன்னது?

கொஞ்சம் இருங்கள். நான் உங்களைக் கேட்கவில்லை, பையனைக் கேட்டேன்.