மூக்காசாரியின் இருபத்திரண்டு ரகம்

அருப்புக்கோட்டையில் மூக்கென்று ஒன்று வைத்திருந்த எல்லோரும் மூக்காசாரியிடம் ஒருதரமாவது திட்டு வாங்கியவர்கள்தான். சந்தை முனையில் உட்கார்ந்து மூக்குக் குத்துவது அவர் தொழில். நிஜப் பெயரைக் கேட்க யாருக்கும் தைரியமில்லை.

அவரிடம் மனித மூக்கு இருபத்திரண்டு ரகம். கிளிமூக்கு, எள்ளுப்பூ மூக்கு, புளியங்கொட்டை மூக்கு, பூண்டு மூக்கு. 'கடவுள் அவசரத்துல ஒட்டுனது' என்றும் ஒன்று. நரிக்குடிப் பண்ணைக்காரர் ஒருவர் மகளுக்கு எட்டுக்கல் மூக்குத்தி கேட்டார்.

"இது எள்ளுப்பூய்யா! எட்டுக்கல்ல வச்சா மூக்கு தெரியாது, கல்லுதான் தெரியும். ஒத்தக்கல்லு. இல்லேன்னா வண்டியைப் பூட்டு!"

பண்ணைக்காரர் ஒற்றைக்கல்லோடு கும்பிட்டுவிட்டுப் போனார்.

யுத்த காலத்தில் மதராஸிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஜனங்களின் மூக்கை அளந்து ரகம் பிரிக்கிற வேலை. இரண்டு கால் முளைத்த பித்தளைக் கருவி ஒன்று வைத்திருந்தார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான நான் அவர் சொல்வதை எழுத வேண்டும். அவருக்கு மொத்தமே மூன்று ரகம். குறுகல் உயர்ந்தது, அப்புறம் நடுத்தரம், அகலம் தாழ்ந்தது.

சந்தையில் மிளகாய் விற்றுக்கொண்டிருந்த, பரளச்சி கிராமத்து வெள்ளையம்மாளை அளந்தார். "அகலம். தாழ்ந்த வகை" என்றார். எழுதினேன்.

"என்னங்கய்யா எழுதுறீக?" என்றாள் வெள்ளையம்மா.

புத்தியில்லாமல் படித்துக் காட்டினேன். அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

மூக்காசாரி எழுந்து வந்துவிட்டார்.

"அகலமா இருந்தா தாழ்ந்ததா? ஊருக்கே தண்ணி குடுக்குற எங்க கம்மாயும் அகலந்தான், அதுவும் தாழ்ந்ததா? வெயில்ல களை வெட்டுறவளுக்கு மூச்சு விட இம்புட்டு வேணும்யா! இருபத்திரண்டு ரகம் பிரிச்சவன் நான். ஒண்ணையாவது மட்டம்னு சொல்லியிருப்பனா?"

சொன்னதோடு நிற்கவில்லை. கருவியைப் பிடுங்கி அதிகாரியின் மூக்கிலேயே வைத்தார். வெள்ளையம்மாளுடையதைவிட ஒரு நூல் கூடுதல்!

"ஏலே குமாஸ்தா, எழுதுலே!"

எனக்கும் அதற்குள் ஆத்திரம் தலைக்கேறியிருந்தது. 'அதிகாரி: அகலம், தாழ்ந்த வகை' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். சந்தையே சிரித்தது. வெள்ளையம்மா முந்தானையை எடுத்துவிட்டு, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

அதிகாரி அன்றே ஊரைவிட்டுப் போனார். மூக்காசாரியைப் பகல் முழுக்க போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்தி வைத்துவிட்டு அனுப்பினார்கள். எனக்குப் பத்து நாள் சஸ்பென்ஷன்.

மறுநாள் சாயங்காலம் என் வீட்டு வாசலில் மூக்காசாரி கத்தினார்.

"கிறுக்குப்பயலே! நான் சொன்னா எழுதிருவியா? பொண்டாட்டி பிள்ளைக நினைப்பு வேண்டாமா?"

கத்திக்கொண்டே மடியிலிருந்து வேர்க்கடலையை எடுத்து என் கையில் திணித்தார். பத்து நாளும் வந்தார், பத்து நாளும் திட்டினார். ஒருநாள்கூட வெறுங்கையோடு வரவில்லை.

வேலை திரும்பக் கிடைத்த அன்று அவர் வரவில்லை. இருட்டும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு நானே அவரைத் தேடிப் போனேன்.