ஆமென் வரைக்கும்

"ஆண்டவரே, எனக்க மாப்பிளைய..." என்று செல்லபாய் கண்ணை மூடித் தொடங்கியதுதான் தாமதம், வாசலில் விஜயம்மாவின் குரல் கேட்டது.

"எக்கா, டேப்பு சும்மாதானே இருக்கு? ஒரு கேசட்டு பேசணும்."

செல்லபாய் கண்ணைத் திறந்தாள். ஜெபம் அந்த இடத்திலேயே நின்றுபோனது.

கேரள எல்லையில் குன்னத்துகாலுக்குப் பக்கத்தில் அந்த ஊரில் டேப் ரெக்கார்டர் உள்ள வீடு அவள் வீடு ஒன்றுதான். குவைத்தில் வேலை பார்க்கும் கணவன் ராஜதாஸ் போன லீவில் கொண்டுவந்தது. வளைகுடாவில் இருக்கும் ஆண்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்தைக் கேசட்டில் பேசி அனுப்புவது அப்போது வழக்கமாகிவிட்டது. ஊரில் பாதி ஆண்கள் கடல் கடந்திருந்ததால் பாதிப் பெண்கள் அவள் முன்னறையில் இருந்தார்கள். கேசட்டுக்கு வராதவர்கள் கேரல் பாட்டு பழக வந்தார்கள், டிரம்மும் கையுமாக.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு முழு ஜெபம். ராஜதாஸ் இருக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளித்தான் ஈரானும் ஈராக்கும் அடித்துக்கொண்டிருந்தன. ரேடியோவில் செய்தி கேட்டால் அன்று சோறு இறங்காது. அவனைக் காக்கச் சொல்லி, தொடக்கம் முதல் ஆமென் வரை, இடையில் அறுபடாமல் ஒரு ஜெபத்தைக் கிறிஸ்துமஸுக்குள் செய்து முடித்துவிட வேண்டும்.

அறுந்த ஜெபம் எவ்வளவு ஆபத்து என்பது பட்டவளுக்குத்தான் தெரியும். ஓணத்தின்போது, "ஆண்டவரே, அவருக்க லீவு" என்று சொன்ன இடத்தில் பால்காரர் கூப்பிட்டுவிட்டார். அந்த மாதமே கம்பெனி எல்லோருடைய லீவையும் ரத்து செய்துவிட்டது. ஆண்டவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தக் குடியிருப்பு நிலத்துக்கு உரிமைப் பட்டயம் கேட்டு மாமனார் கொடுத்த மனு, ஒரு கையெழுத்து குறைகிறது என்று திரும்பி வந்ததே! பாதி மனுவுக்கு அரசாங்கமே அசையாது, பரலோகம் அசையுமா?

போன ஞாயிற்றுக்கிழமை போதகர்கூடப் பிரசங்க பீடத்தை ஓங்கிக் குத்திச் சொன்னார்: "பலகாரமும் பட்டாசுமா கிறிஸ்துமஸ்? அடங்கி, அமைதியாக ஒரு மணி நேரம் தேவனோடு உட்காருங்கள்!" அந்தக் குத்தில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளெல்லாம் விழித்து அழுதன.

விஜயம்மா கேசட்டில் பேசி, அழுது, ஆட்டுக்குட்டியையும் கொண்டுவந்து கத்தவைத்து ஒருவழியாகப் போனாள். செல்லபாய் ஒரு முடிவுக்கு வந்தாள். முன்கதவை வெளியே பூட்டினாள். சுற்றிவந்து அடுக்களை வழியாக உள்ளே நுழைந்து, தாழ் போட்டு, இருட்டில் முழங்காலிட்டாள்.

"ஆண்டவரே, எனக்க மாப்பிளைய எந்த ஆபத்தும்..."

முழங்கை பட்டு அலுமினியப் பானை உருண்டது.

"பூட்டின வீட்டுக்குள்ள சத்தம்!" வெளியே விஜயம்மா அலறினாள். "கள்ளன்! ஓடி வாங்க! டேப்பு போச்சே!"

கம்போடும் கத்தியோடும் ஊர் திரண்டது. கேரல் குழுத் தலைவர் ஈசாக் கையில் கிடைத்த டிரம் குச்சியோடு ஓடிவந்தார். அடுக்களைக் கதவை உடைத்துப் பார்த்தால், உள்ளே வீட்டுக்காரியே மண்டியிட்டிருக்கிறாள்.

"உங்க வீட்டுக்குள்ள நீங்களே எதுக்கு ஒளிஞ்சு இருக்கிய?" என்றார் ஈசாக்.

மானம் போய்விடுமே என்று வாயில் வந்ததைச் சொன்னாள். "தலைவேதனை. காய்ச்சலாக்கும்."

தன் வாயால் கெட்டது தவளை. மாலையிலேயே ஈசாக் குழுவோடு வந்துவிட்டார், சுகத்துக்காக ஜெபிக்க. டிரம், கஞ்சிரா, கைத்தட்டல். எல்லோரும் அவள் தலையில் கைவைத்து அமுக்கியதில் இல்லாத தலைவலி நிஜமாகவே வந்தது.

"இப்பம் எப்படி இருக்கு?"

"சுகமாயிட்டு! நல்ல சுகம்!"

"ஸ்தோத்திரம்! அப்போ நாளைக்கும் பாட்டு பழக்கம் இஞ்சதான்."

மறுநாள் காலை எழுந்ததும் செல்லபாய் வாயைத் திறப்பதில்லை என்று தீர்மானித்தாள். பேசினால்தானே வம்பு? விஜயம்மா வந்ததும் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

"என்னக்கா, தொண்டை கட்டிட்டா?"

செல்லபாய் உதட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"ராஜதாஸ் அண்ணன் சுகமா இருக்காருல்லா?"

அந்தப் பெயரைக் கேட்டதும் செல்லபாயின் கண் தானாக நிறைந்தது. விஜயம்மாவுக்கு அது போதும். "எனக்க தெய்வமே!" என்று மார்பில் அடித்துக்கொண்டு ஓடினாள்.

சற்று நேரத்தில் முற்றம் நிறைந்தது. சபைக் கோயிலிலிருந்து பெஞ்சு வந்தது. யாரோ சாவு வீட்டுக்குப் போடுவதுபோல் பாலில்லாத கட்டன்காப்பி போட்டார்கள். பெண்கள் ஒவ்வொருவராக அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓலமிட்டார்கள்.

செல்லபாய் திகைத்தாள். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இவர்களுக்கு ஏதோ சேதி வந்திருக்கிறது, என்னிடம் மறைக்கிறார்கள்!

"அவருக்கு என்ன ஆச்சு?" என்று வீறிட்டாள். "சொல்லுங்க!"

அழுகை நின்றது. "நீங்கதானே சொல்லணும்?" என்றாள் விஜயம்மா.

"எனக்கு ஒண்ணும் தெரியாதே!"

"எங்களுக்கும் தெரியாதே!"

"பின்ன எதுக்கு அழுதிய?"

"நீங்க அழுதிய, அதாக்கும்."

ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்தும் அவளுக்கு நிம்மதி வரவில்லை. அறுந்த ஜெபத்தோடு இந்த ஒப்பாரியும் சேர்ந்து மேலே போயிருக்குமே! இரண்டையும் ஒட்டி வாசித்தால் என்ன அர்த்தம் வரும்? இன்றைக்கே, இப்போதே ஒரு முழு ஜெபம் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

"போதகரையாவ விளியுங்க, அவரு வந்து ஆறுதல் சொல்லட்டு" என்றது ஒரு குரல்.

"அவரைக் காணல்ல. காலையிலயே வீடு சந்திப்புக்குப் போயிட்டாராம்" என்றார் ஈசாக். "நாம ஒரு பாட்டு பாடலாம்."

டிரம் முழங்கியபோது செல்லபாய் பின்வாசல் வழியாக நழுவி, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓடினாள். கிறிஸ்துமஸ் இல்லாத வீடு எது? மேட்டில் இந்துவான சத்யபாமாவின் பழைய தறவாட்டு வீடு ஒன்றுதான். ஒருகாலத்தில் இந்தச் சரிவு முழுவதும் அவர்களுடையது. நிலச் சட்டம் வந்து குடியிருந்தவர்களுக்கே நிலம் என்றான பிறகு அந்தப் படியேற ஆளில்லை. சத்தமெல்லாம் கீழே குடிபெயர்ந்து, அமைதி மட்டும் மேலே மிச்சமிருந்தது.

மாமியார் காலத்தில் செல்லபாயின் வீட்டார் முற்றத்துக்குக் கீழே நின்றுதான் பேசுவார்கள். செல்லபாய் இன்று நேராக முன்படியேறினாள். பயம் அதற்கெல்லாம் நேரம் தரவில்லை.

"கேறி வா. என்னது இப்படி மூச்சு வாங்குது?" என்றாள் சத்யபாமா.

"சேச்சி, ஒரு முறி தரணும், கதவுள்ள ஒரு அறை போதும். எனக்க மாப்பிளைக்கு வேண்டி ஒரு ஜெபம், முழுசா, சத்தமில்லாத இடத்துல செய்யணும். இல்லேன்னா எனக்குப் பிராந்து பிடிச்சிரும்."

சத்யபாமா சாத்தியிருந்த உள்ளறைக் கதவைப் பார்த்தாள். தர்மசங்கடத்தோடு குரலைத் தாழ்த்தினாள்.

"முறியில இடமில்லையே செல்லபாய், உங்க போதகரு டிசம்பர் பிறந்ததுல இருந்து தினமும் வந்து அதுக்குள்ளதான் கதவடைச்சு அமைதியா உக்காந்திருக்காரு, தொழுத்துல பசுவுக்குப் பக்கத்துல வேணும்னா கொஞ்சம் இடம் உண்டு, வா."