செக்குபந்தி அண்ணனை நாங்கள் நீக்கிய விதம்

உலகத்தில் எத்தனையோ அணிகள் எத்தனையோ மேனேஜர்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கின்றன. ஆனால் தன்னை நீக்கும் கடிதத்தைத் தானே உட்கார்ந்து எழுதி, வாசித்தும் காட்டி, "திருப்தியா?" என்று கேட்ட மேனேஜர் எங்கள் செக்குபந்தி அண்ணன் ஒருவர்தான். இன்னொருவர் உண்டு என்று யாராவது நிரூபித்தால் என் மீசையை எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணன் காரைக்குடியில் பத்திர எழுத்தர். ஒரு நிலத்தின் நான்கு பக்க எல்லைகளையும் பத்திரத்தில் குறிப்பதற்குச் செக்குபந்தி என்று பெயர். வருஷக்கணக்கில் அதையே எழுதி எழுதி, மனிதர் வாயைத் திறந்தாலே வடக்கும் தெற்குமாகத்தான் வரும். டீக்கடைக்கு வழி கேட்டால்கூட நாலு எல்லையையும் சொல்லி முடித்த பிறகுதான் விடுவார். அதற்குள் நமக்கு டீ குடிக்கும் ஆசையே போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கள் டென்னிஸ் பந்து கிரிக்கெட் அணிக்கு மேனேஜர். நான் செயலாளர், விக்கெட் கீப்பரும்கூட. விடிந்தும் விடியாமல் மொபெட்டில் வந்து வீட்டுக்கு வீடு ஹாரன் அடிப்பார். அதன் சத்தம் தாங்காமல் எங்கள் அம்மாவே கதவைத் திறந்து, "இந்தா கெடக்கான், தூக்கிட்டுப் போங்க" என்று என்னைக் காட்டிக் கொடுத்துவிடுவார்.

மைதானத்தில் ஆட்களை நிறுத்துவதும் அவர்தான். "தம்பி, அம்பயருக்கு மேற்கே, வேப்பமரத்துக்குக் கிழக்கே, கீப்பருக்குத் தெற்கே, ஐஸ் வண்டிக்கு வடக்கே. இதுக்குள்ள எங்குட்டு வேணாலும் நில்லு. தாண்டப்படாது" என்பார். ஒருமுறை ஐஸ் வண்டிக்காரர் வியாபாரம் பார்த்துக்கொண்டே வண்டியை நகர்த்த, எங்கள் ஆளும் கூடவே நகர்ந்து ஆடுகளத்துக்கு நடுவில் வந்து நின்றான். கேட்டதற்கு, "அண்ணன் தாண்டப்படாதுன்னாரே" என்றான். அப்படி ஒரு கட்டுப்பாடு.

அந்தக் கட்டுப்பாடு எங்கள் தலையில் கல்லைப் போட்டது காளையார்கோவிலில். அரையிறுதி ஆட்டம். கடைசிப் பந்தில் ஐந்து ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். கறிக்கடை ரபீக் கண்ணை மூடிக்கொண்டு மட்டையைச் சுற்றினான். பந்து வானத்துக்குப் போய் இறங்க, எதிரணிக்காரன் ஒருவன் ஓடிப்போய்ப் பிடித்தேவிட்டான். ஆனால் அவன் கால் எல்லைக் கொடிக்கு வெளியே இருந்தது. அம்பயர் இரண்டு கையையும் தூக்கினார். சிக்ஸர்! ரபீக்கைத் தோளில் ஏற்றினோம். எங்களுக்கு வேனும் சட்டையும் கொடுத்து ஆதரித்து வந்த டைல்ஸ் கடை முதலாளி, நாற்காலி மேலேயே ஏறி நின்று கை தட்டினார்.

செக்குபந்தி அண்ணன் மட்டும் கொடிக் கம்புக்குப் பக்கத்தில் குனிந்து தரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அம்பயர் சார், செத்த இங்குட்டு வாங்க. இந்தா பாருங்க, கொடி நட்டிருந்த பழைய குழி. எவனோ நெழல்ல வண்டிய நிறுத்துறதுக்காகக் கம்பப் பிடுங்கி நாலடி உள்ளாற ஊண்டிருக்கான். அந்தத் தம்பி புடிச்சது எல்லைக்குள்ளதான். இது அவுட்டு."

"அண்ணே, நீங்க நம்ம மேனேஜருண்ணே!" என்று அலறினேன்.

"நம்ம மேனேஜருன்னா குழி நகந்துருமா?"

அம்பயர் குழியைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார், கடைசியில் ஒற்றை விரலைத் தூக்கினார். தோளில் இருந்த ரபீக்கை மெதுவாகக் கீழே இறக்கினோம். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் அண்ணனைப் பச்சையாகவே கடித்துத் தின்றிருப்பேன்.

முதலாளி வேனில் ஏறும்போதே சொல்லிவிட்டார். "ஒன்னு அவரு இருக்கணும், இல்ல நான் இருக்கணும். நாளைக்குள்ள அவர நீக்கி எழுதிக் குடுத்துருங்க." அவசரக் கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் நானும் கேப்டனும்தான். வேன் இல்லாமல் ஊர் ஊராகப் போய் எப்படி ஆடுவது? நீக்குவது என்று முடிவானது, பூனைக்கு மணி கட்டும் வேலை என் தலையில் விழுந்தது.

'உங்களை நீக்கியுள்ளோம். நன்றி' என்று இரண்டு வரி எழுதிக்கொண்டு மறுநாள் அவர் பத்திரம் எழுதும் மேஜைக்குப் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"எதுலேருந்து நீக்குறீக? என்னைக்கிருந்து? என்ன காரணத்துக்கு? ஒன்னுமே இல்லையே! நாளைக்கு நான் பாட்டுக்கு மைதானத்துல வந்து நின்னா என்ன செய்வீக? இது செல்லாது அப்பு."

அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன். அவரோ ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தானே எழுத ஆரம்பித்தார். எழுதியதை ராகம் போட்டு வாசித்தார். 'நெடுங்காலமாய் மேலாளராக இருந்து வந்த இவர், அணிக்குக் கிடைத்த வெற்றியைத் தன் வாயால் இழக்கச் செய்தபடியால், இன்று முதல் இவருக்கு இந்த அணியில் யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை.' நிலத்தை விற்றவருக்கு இனி அதில் உரிமை இல்லை என்று பத்திரத்தில் எழுதும் வார்த்தைகள் அவை. செம்பிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டார்.

"அண்ணே, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டீகன்னா முதலாளி விட்டுருவாரு."

"குழி இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சுண்ணே."

"பெறகு என்ன? நான் இல்லாட்டியும் டீம் ஓடும், வேன் இல்லாட்டி ஓடாது. கையெழுத்தப் போடுங்க. திருப்தியா?"

போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டுக் கையெழுத்துப் போட்டதில்லை.

அடுத்த ஞாயிறு திருப்பத்தூரில் ஆட்டம். ஹாரன் சத்தம் இல்லாததால் பாதிப் பேர் தூங்கிவிட்டு ஓடி வந்தார்கள். கடைசிப் பந்தில் எதிரணிக்கு நான்கு ரன் வேண்டும். அடித்த பந்தை ரபீக் விழுந்து புரண்டு எல்லைக் கோட்டருகே தடுத்துவிட்டான். அம்பயர் தூரத்தில் இருந்தார், அவருக்குத் தெரியவில்லை. "கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கத்திக் கேட்டார்.

ரபீக் எங்களைப் பார்த்தான். நாற்காலியில் இருந்த முதலாளியைப் பார்த்தான். பிறகு, "என் காலு கோட்டுல பட்டுருச்சு சார், ஃபோரு" என்றான்.

தோற்றோம். முதலாளி வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மட்டையும் ஸ்டம்புமாகப் பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் வந்தோம். வழியெல்லாம் ரபீக்கை யாரும் திட்டவில்லை. எனக்கென்னவோ அன்றைக்குத்தான் எங்கள் அணியின் மேல் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை பதினோரு பேரும் அண்ணனின் மேஜை முன்னால் போய் நின்றோம். அவருக்கு விஷயம் முன்பே எட்டியிருந்தது.

"வேனுக்கு என்ன செய்வீக?"

"பஸ்ஸுல போவோம்ணே. நீங்க வாங்க, போதும்."

"சும்மா வர முடியுமா? அந்த நீக்கத்த ரத்து பண்ணித் தனியா எழுதணும்ல" என்று முறைத்தபடியே தாளை எடுத்தார். எழுதி முடித்து, சாட்சிக்கு ரெண்டு பேர் போட்டால் போதும் என்று பேனாவை நீட்டினார்.

பேனா கை மாறி மாறிப் போய்க்கொண்டே இருந்தது. பதினோராவது ஆளும் போட்டு முடிக்கும் வரை அண்ணன் அதைத் திருப்பிக் கேட்கவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.