நீர்வேலி கடலான வரலாறு

மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திவிட்ட காலத்தில், நிலத்துக்கும் வானத்துக்கும் இடையே பேச்சுவார்த்தை நடத்திய பெருமை உலகில் ஒரேயொரு நாட்டுக்குத்தான் உண்டு. அது நம்முடைய நாடு. வடக்கே போர் மூண்டு, தொலைபேசிகள் ஊமையாகிப் போன தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கண்டியை அடுத்த பேராதனைக்குச் சற்று அப்பால் மகாவலி ஆறு தெரியும் ஒரு மேட்டில் 'நிலவளி நல்லுறவு நிலையம்' திறந்துவைக்கப்பட்டது. மண்ணிலிருந்து எவ்வளவு நீர் ஆவியாகி மேலே போகிறது, போனது எங்கே மழையாக இறங்குகிறது என்று கணினியில் கணக்கிடுவது அதன் பணி. இனங்களுக்கிடையிலான நல்லுறவுக்கு வேறொரு திணைக்களம் இருந்தது. அதற்குக் கணினி கொடுக்கப்படவில்லை.

நிலையத்தின் விஞ்ஞானி கலாநிதி சோதிலிங்கம். யாழ்ப்பாணத்து நீர்வேலிக்காரர். எண்பத்து மூன்று ஆடியில் தமிழருக்கெதிராக வெடித்த கலவரத்தில் கண்டியில் அவர் குடியிருந்த வீடு எரிந்த பிறகும் ஊரோடு போய்விடாமல் இங்கேயே இருந்தார். மலைநாட்டு முகில்கள் தம்மைப் பெயர் கேட்டு அடித்ததில்லை என்பது அவர் சொன்ன காரணம். பேச்சு மிகக் குறைவு. அவரிடம் ஒரு கேள்வி கேட்டால், பதில் வருவதற்குள் கேட்டவர் ஒரு தேநீர் குடித்து முடிக்கலாம். இந்தக் குணம் அவரை அரச சேவைக்கு மிகப் பொருத்தமானவராக்கியிருந்தது.

அவருடைய கணினி மாதிரி முழு இலங்கையையும் பெட்டி பெட்டியாகப் பிரித்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் இலக்கம். நிலமென்றால் ஒன்று, கடலென்றால் பூச்சியம். நிலமென்று சொல்லிவிட்டால் கணினி உடனே மாமியாராகிவிடும். மழை எவ்வளவு, மண்ணில் ஈரம் எவ்வளவு, பயிர் என்ன என்று மாதாமாதம் கேட்கும். கடலிடம் எதுவும் கேட்காது.

புசல்லாவையிலிருந்தும் கலஹாவிலிருந்தும் தேயிலைத் தோட்டத்துத் துரைமார் மழைக்கணக்கை ஒழுங்காக அனுப்பினார்கள். வடக்கிலிருந்து ஒன்றும் வரவில்லை. அங்கே வானத்திலிருந்து விழுவதை அளந்துகொண்டிருக்க ஆட்களுக்கு நேரமில்லை. ஓடி ஒளியத்தான் நேரமிருந்தது.

இப்படியான சந்தர்ப்பத்துக்கென்று அரசாங்கத்தில் ஓர் அருமையான சொல் உண்டு. 'நில்'. வீதிச் சோதனைச் சாவடியில் 'நில்' என்றால் நிற்க வேண்டும். அலுவலகத்தில் 'நில்' என்றால், விவரம் ஏதுமில்லை, கோப்பை மூடிவிட்டுப் போகலாம் என்று ஆங்கிலத்தில் அர்த்தம். ஒரே சொல்லால் தெருவில் மனிதரை நிறுத்தவும் மேசையில் வேலையை முடிக்கவும் முடிந்த நிருவாகம் வேறெங்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

கணினியில் இலக்கங்களைப் பதிகிறவர் அக்குறணை மஹ்மூத். சோதிலிங்கம் பேசாமல் விட்ட சொற்களையெல்லாம் சேர்த்துப் பேசுகிறவர். தரவு 'நில்' என்றால் பூச்சியம் பதிய வேண்டுமென்ற சுற்றுநிருபத்தை அவர் எழுத்துக்கு எழுத்து மதித்தார். ஒரு திங்கட்கிழமை காலை வடக்கின் பெட்டியில் பூச்சியத்தைப் பதிந்தார். யாழ்ப்பாணக் குடாநாடு, அதன் கோயில்கள், பனைகள், வெங்காயத் தோட்டங்கள் சகிதம், சத்தமில்லாமல் கடலுக்குள் போனது.

"சேர், முந்தி அந்தப் பெட்டிய வெறுமையா வுட்டா மெசின் நிண்டுபோற. இப்ப பாருங்க, குதிர மாதிரி ஓடுது."

சோதிலிங்கம் திரையைப் பார்த்தார். மஹ்மூத் தேநீர் குடித்து முடித்தார்.

"மஹ்மூத், உதுக்குள்ள சனம் இருக்குது."

"ஈக்கி சேர், நான் இல்லேண்டு சொல்லல்லயே. ஆனா தரவு இல்லாத சனம்."

பிழையென்று இதைத் திருத்தியிருப்பார்கள். ஆனால் கடலானதும் வடக்கு மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு நடந்துகொள்ளத் தொடங்கியது. கடலுக்கே உரிய தாராளத்தோடு ஆவியை அள்ளி அள்ளி மேலே அனுப்பியது. அந்த ஈரம் தெற்கே நகர்ந்து வறண்ட பிரதேசமெங்கும் கணினியில் மழையாகக் கொட்டியது. மாதக்கணக்காக நாட்டை வாட்டிய வறட்சி ஒரே பிற்பகலில் முடிவுக்கு வந்தது. நிலையத்தின் பணிப்பாளர் பூரித்துப் போனார். வடக்கு இவ்வளவு உபயோகமாக இருந்து தாம் கண்டதில்லை என்று கூட்டத்தில் மனந்திறந்து பாராட்டினார். வடக்கிலிருந்து அவ்வளவு ஆவிகள் புறப்பட்டது உண்மைதான்; ஆனால் அவை நீராவிகள் அல்ல என்பதை யாரும் சபையில் குறிப்பிடவில்லை.

கணினி வரைந்த அந்தப் படத்தின்படியே வறட்சி நிவாரணமும் பங்கிடப்படுமென்று அதே கூட்டத்தில் முடிவாயிற்று. படத்தில் இன்னும் காய்ந்திருக்கும் பெட்டிகளுக்கு விதையும் நீரிறைக்க எண்ணெயும் போகும். கடலுக்கு விதை அனுப்புவது வீண்விரயம். விஞ்ஞானி ஒப்பமிட்டவுடன் படம் கொழும்புக்குப் போகும்.

சோதிலிங்கம் எழுந்து, தமக்கு ஓர் ஆட்சேபணை உண்டென்றார். அவர் அடுத்த சொல்லைத் தேடி எடுப்பதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது.

கட்டுகஸ்தோட்டையில் வீட்டுக்கு வந்து, விஷயத்தை மனைவி இராசமணியிடம் சொன்னார். இராசமணியின் தங்கை பத்மாதேவி நீர்வேலியில்தான் இருந்தாள். கிணற்றுத் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது, வெங்காயம் கருகுகிறது, இந்தப் போகமும் போனால் பிள்ளைகளோடு எங்கே போவதென்று தெரியவில்லை என்று கொழும்புக்கு வந்த ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"அப்ப என்ர தங்கச்சி கடலுக்கையோ இருக்கிறாள்?"

"கணக்கின்படி."

"கடலுக்கை இருந்துகொண்டே தண்ணியில்லை எண்டு அழுகிறாள்?"

அவர் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினார். இராசமணி விடவில்லை.

"இஞ்சேருங்கோ, வீடு எரிஞ்சாப் பிறகும் நீங்கள் ஒண்டும் கதைக்கேல்லை. அது உங்கட வீடு, உங்கட விருப்பம். இது அவளின்ர கிணறு. கையெழுத்து வைக்கிறதெண்டால் வைச்சிட்டு, அவளுக்கு நீங்களே சொல்லி அனுப்புங்கோ, நீந்தப் பழகச் சொல்லி."

மறுநாள் பணிப்பாளர் படத்தை நீட்டியபோது, அடுத்த வாரம் நடக்கவிருந்த சர்வதேச மாநாடு முடியட்டும் என்று சோதிலிங்கம் தவணை கேட்டார். அது கிடைத்தது. மாநாட்டுக்குப் பிறகு ஒப்பமிடுவது இன்னும் கௌரவமாக இருக்கும் என்று பணிப்பாளரும் கருதினார்.

மாநாடு கண்டி வாவியைப் பார்த்த ஒரு ஹோட்டலில், குத்துவிளக்கும் நடனமுமாகக் கோலாகலமாக ஆரம்பித்தது. முதலாவது உரை வெளிநாட்டு நிபுணருடையது. முழு உலகத்தின் நிலமும் வளியும் பேசிக்கொள்வதைக் கணக்கிடும் பிரமாண்டமான மாதிரி அவருடையது. உலகப் படம் திரையில் விழுந்தது. இந்தியா பச்சையாக இறங்கி முடிந்தது. அதற்குக் கீழே நீலம். நீலத்துக்குக் கீழேயும் நீலம்.

பணிப்பாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார். இலங்கை எங்கே என்று கேட்டார்.

நிபுணர் வெகு மரியாதையாகப் பதில் சொன்னார். தங்களுடைய பெட்டிகள் பெரியவை. இவ்வளவு சிறிய தீவு அதில் பிடிபடாது. போதிய தரவும் இல்லை. ஆகவே வசதி கருதிக் கடலென்று எடுத்துக்கொண்டார்கள். அதனால் மாதிரிக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. உண்மையில் இப்போது நன்றாகவே ஓடுகிறது.

பணிப்பாளரின் கழுத்து சிவந்து, சிவப்பு மெல்ல மேலே ஏறியது. மதிய உணவைத் துறந்து, சோதிலிங்கத்தைப் பக்கத்து அறைக்கு இழுத்துச் சென்று, உடனே ஒரு கண்டனம் எழுதச் சொன்னார். நிலைய அலுவல்கள் ஆங்கிலத்தில் நடப்பவை. அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது தமிழில் இப்படி வரும்:

"தரவு இல்லை என்பதற்காக, மனிதர் வாழும் மண்ணைக் கடலென்று குறிக்கும் உரிமை எவருக்கும் கிடையாது. தரவு வராவிட்டால் வந்து பார்த்திருக்க வேண்டும். இங்கே வீடுகள் இருக்கின்றன. கிணறுகள் இருக்கின்றன. பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் தலைக்கு மேல் பூச்சியம் போட உங்களுக்கு எப்படி மனம் வந்தது?"

கடைசி வசனத்தின் கீழ் இரண்டு தரம் கோடு போடச் சொன்னார். அது நடிப்பல்ல. இந்தத் தீவின் மண்ணைப் பற்றி இதைவிட உண்மையாக எவரும் பேசியதில்லை.

சோதிலிங்கம் எழுதி முடித்தார். கோப்பிலிருந்து, வடக்கைக் கடலாக்கிய படத்தை எடுத்து, கண்டனத்தின் பக்கத்தில் வைத்தார். பணிப்பாளர் இரண்டையும் பார்த்தார். இம்முறை மௌனம் அவருடையது.

"அது வேறு, சோதிலிங்கம்," என்றார் கடைசியில். "இது எங்கள் நாடு."

சோதிலிங்கம் பேனையை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். படத்தை ஒப்பமிடாமலே பணிப்பாளர் பக்கம் தள்ளினார். ஆச்சரியமாக, இந்தத் தடவை அவருடைய பதில் உடனே வந்தது.

"வடக்கைப் பற்றித் தரவு இல்லையென்று இனி நாங்கள் சொல்ல முடியாது, சேர். அது வேறு நாடென்ற தரவை நீங்கள் இப்போது தந்துவிட்டீர்கள்."