நெய்யாற்றின்கரை கை பட்ட கார்

மேடையில் ஏறினால் என் வாய் என் பேச்சைக் கேட்காது. இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் ஊர்கள் மலையாள நாட்டை விட்டுத் தமிழ் நாட்டோடு சேர வேண்டும் என்று எல்லையெங்கும் கொதித்துக்கொண்டிருந்த வருஷம். பனச்சமூட்டில் கூட்டம். எனக்கு முன்னால் பேசியவர், இனி மலையாளத்தில் மனு எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்தார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. அடுத்தது நான். எனக்கு எந்த மொழியிலும் மனு எழுதும் பழக்கம் கிடையாது. என்னிடம் இருந்தது ஒரு பழைய கார்தான். அது பழுதானால் மலையாளிகளின் ஊரான நெய்யாற்றின்கரைக்குத்தான் போகும்.

"எல்லைப் பிரச்சினை தீருகிற வரைக்கும், நெய்யாற்றின்கரை வொர்க்ஷாப்புக்காரன் கை பட்ட காரில் இந்தச் சுந்தரதாஸ் ஏற மாட்டான்" என்று முழங்கினேன்.

மேடைப் பலகை அதிர்ந்தது. கமிட்டிச் செயலாளர் ராஜையா அங்கேயே அறிவித்தார்: சனிக்கிழமை பாறசாலையிலிருந்து பனச்சமூடு வரை கால்நடை ஊர்வலமாக ஜாதா. முன்னால் கொடி கட்டிய கார். ஓட்டுவது அடியேன். எனக்கு ஆணிக்கால். மைல் கணக்கில் நடப்பதற்குப் பதிலாக மாலையும் கழுத்துமாக உட்கார்ந்தே போகலாம் என்றால் யாருக்குத்தான் மொழிப்பற்று வராது?

மறுநாள் காலையில் என் மனைவி கிருபாபாய் பட்டுச்சேலையை எடுத்து வெயிலில் போட்டாள்.

"சனியாழ்ச்ச கள்ளிக்காட்டுக்குப் போவணும், கேட்டியளா. எனக்க தங்கச்சி ஜெயபாய்க்க பிள்ளைக்குப் பேரு போடுத ஜெபம். எட்டு வருசம் கழிச்சுப் பெறந்த பிள்ளையாக்கும். நம்ம கார்லயே போவலாம்."

அதே சனிக்கிழமை. கிருபாவிடம் நேருக்கு நேர் முடியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் போதாது. நல்லவேளை, கார் கைகொடுத்தது. இரண்டு நாளாகப் பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் குளிர்காய்ச்சல் வந்தவன் கை மாதிரி நடுங்கியது. ஜாதாவுக்கு அது பாதகமில்லை. நடைவேகத்தில் போகும் காருக்குப் பிரேக் எதற்கு?

"கார்ல போவ முடியாது கிருபா. பிரேக்கச் சவுட்டினா ஸ்டியரிங் கெடந்து ஆடுது. கள்ளிக்காட்டு ரோட்டுல வளைவு ஒருபாடு உண்டு. உயிருக்கு ஆபத்தாக்கும். நீ பஸ்ல போ."

"சும்மா ஓடும்போ ஆடுதா?"

"இல்ல. சவுட்டினா மட்டும்."

"அப்பம் பிரேக்குலதான் கொழப்பம். முன்னயா, பின்னயா?"

அவளுடைய அப்பா எஸ்டேட் லாரி டிரைவர். அதை நான் மறந்து தொலைத்திருந்தேன்.

"அது எப்பிடித் தெரியும்?"

"ஹேண்ட் பிரேக்கு பின்சக்கரத்த மட்டும்தான் பிடிக்கும். ஏறுங்க, பாப்போம்."

ஆளில்லாத ரோட்டில் இருபது மைல் வேகத்தில் ஓட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்தாள். கார் அடங்கி நின்றது. ஸ்டியரிங் துளிகூட ஆடவில்லை.

"இனி காலால சவுட்டுங்க."

மறுபடியும் ஓட்டி மிதித்தேன். ஆடின ஆட்டத்தில் என் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது.

"முன் சக்கரத்துப் பிரேக் டிரம்மு கோணிப்போச்சு. லேத்துல வச்சுக் கடஞ்சா தீரும்" என்றாள் கிருபா.

என் சாக்கு போய்விட்டது. உடனே சத்தியம் ஞாபகம் வந்தது. தெம்பும் வந்தது.

"லேத்து நெய்யாத்தங்கரை மோகனன்கிட்டதான் உண்டு. நான் ஊரறியச் சத்தியம் பண்ணினவன்."

அவள் காரை விட்டு இறங்கினாள்.

"ஆமா. சத்தியம்னா சத்தியம்தான்" என்றாள்.

கிருபா இவ்வளவு சீக்கிரம் அடங்கியதே இல்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஜாதாவுக்கு ஆள் சேர்க்க தனுவச்சபுரம் போய்விட்டு சாயங்காலம் திரும்பினேன். என் வீட்டுக் கிணற்றடியில் ஒருவன் கைக் கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். மோகனன்.

"அண்ணா, முன் டிரம் ரெண்டையும் கொண்டுபோய்க் கடைஞ்சு, திரும்ப மாட்டியாச்சு. இனி ஆடாது" என்றான். அவன் தமிழ் என் மேடைத் தமிழைவிடச் சுத்தமாக இருந்தது. அதுவேறு எரிச்சல்.

"யாரக் கேட்டு இவன வரச்சொன்ன?" என்று கிருபாவிடம் பாய்ந்தேன்.

"சத்தியம் பண்ணினது நீங்க. நான் பண்ணல்லியே."

யோசித்துப் பார்த்தேன். ஆடாத கார் ஜாதாவுக்கு இன்னும் அழகு. கோபத்தை விழுங்கினேன்.

"செரி, போவட்டும். நாளைக்கு நீ பஸ்ல போ. காரு ஜாதாவுக்கு வேணும்."

"ஓஹோ. கள்ளிக்காட்டுக்குப் போனாத்தான் உயிருக்கு ஆபத்து, என்ன?"

நான் கார் சாவியைத் தேடினேன்.

"அதும் எந்தக் காரு? மோகனன் கை பட்ட காரா?"

"அது மேடையில சும்மா சொன்னது, கிருபா."

"அந்தா ராஜையா அண்ணன் வாறாரு. நான்தான் வரச்சொன்னேன். அவருகிட்டயும் இத இப்பிடியே சொல்லுங்க."

ராஜையா வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"கிருபா தங்கச்சி எல்லாம் சொல்லிவிட்டா. சொந்தக் காரு நிக்கும்போ, சொன்ன வாக்குக்காவ நடக்கப்போறியளாமே. நாளைக்கு முன்னால கொடி பிடிக்கது நீங்கதான்."

சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை மூன்றாவது மைலில் ஆணி உயிரை எடுத்தது. கொடி உலக்கை மாதிரி கனத்தது. பின்னால் பழகின ஹாரன் சத்தம். என் கார். ஓட்டியவன் மோகனன். பின் சீட்டில் பட்டுச்சேலையில் கிருபா. ஜாதாவுக்கு மரியாதையாக அவன் பிரேக் போட்டான். வண்டி அலுங்காமல் நின்றது.

அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். தங்கைக்காக எட்டு வருஷம் முழங்காலில் நின்று ஜெபித்தவள். உண்மையைச் சொன்னால், எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கால் வெட்கத்தைவிட அதிகமாக வலித்தது. ஜன்னலருகே குனிந்தேன்.

"கிருபா, வழி பிரியுத வெள்ளறடை வரைக்கும் என்னையும் ஏத்திக்கிடு."

அவள் ராஜையாவுக்கும் கேட்கும்படி பதில் சொன்னாள்.

"எல்லை தீரட்டும்."

கூட்டம் கைதட்டியது. கார் போய்விட்டது.

எல்லை எப்போது தீரும் என்று இந்தப் பக்கத்தில் பலரும் கேட்கிறார்கள். சொந்தக் காரில் ஏறுவதற்காகக் கேட்பவன் நான் ஒருவன்தான்.