ஜூனிபரின் வாலும் நீங்கள் அனுப்பிய செலினியமும்

அன்புள்ள மாப்பிள்ளை மெர்லுக்கு,

தெற்கு டகோட்டாவிலிருந்து ஆல்வின். இங்கு நான் நலம். மிச்சிகனில் நீங்களும் தங்கை ஐடாவும், தேறி எழுந்த ஆட்டுக்குட்டிகளும் நலமாயிருக்க வேண்டுகிறேன். குழப்பாமல் எழுத, முதலில் குறிப்புகள்:

1. நீங்கள் அனுப்பிய உர மூட்டை.
2. பக்கத்துப் பண்ணை வெர்னாவின் குதிரை ஜூனிபருக்கு வால் முடி போனது என்னால்.
3. இனி மூட்டை அனுப்ப வேண்டாம்.

உங்கள் மண்ணில் செலினியம் என்ற தாதுச்சத்து குறைவு. குட்டிகள் நிற்க முடியாமல் துவண்டன. செலினிய உரம் போட்டீர்கள், தேறின. மீந்ததை அன்போடு எனக்கு அனுப்பினீர்கள். எங்கள் மண்ணிலோ அது ஏற்கெனவே மிகுதி. முப்பத்தெட்டு வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தி, எதையும் சோதித்த பிறகே செய் என்று சொன்ன நான், பரிசு வீணாகக் கூடாதே என்று மண்ணைச் சோதிக்காமலே ஓட்ஸ் வயலில் தூவினேன், பயிர் வளர்ந்தது, பச்சையாக அறுத்து இரண்டு கட்டு குதிரைத் தீவனத்துக்கு வெர்னாவிடம் கொடுத்தேன், மூன்று வாரத்தில் ஜூனிபரின் வால் துடைப்பக்கட்டை ஆகிவிட்டது. செலினியம் மிஞ்சினால் குதிரைக்கு அப்படித்தான் ஆகும். தேவாலயத்துக் காப்பி மேசையில் வெர்னாவிடம் ஒப்புக்கொண்டேன்.

"என்ன வாத்தியாரே சொல்றீங்க? சனிக்கிழமை சந்தை ஊர்வலத்துல அதுதான் முதல் குதிரை! மொட்டை வாலோட போனா ஊரே சிரிக்காதா?"

"நான் என்ன செய்யட்டும், வெர்னா?"

"வால் செஞ்சு குடுங்க. அப்படியே என் வேலியையும் பாத்துடுங்க. அதுவரைக்கும் என் மேசைப் பக்கம் வராதீங்க."

பதினொரு வருடமாகச் சந்தையில் அவர் மேசையில்தான் எனக்குப் பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம். அந்த இடம் போய்விடுமோ என்ற பயத்தில் வைக்கோல் கட்டும் கயிற்றைப் பிரித்து வால் பின்னினேன், வேலிக்கு நாற்பது கம்பம் நட்டேன், வயலில் ஜிப்சமும் போட்டேன். அதிலுள்ள கந்தகம், வேர் செலினியத்தை உறிஞ்சாமல் தடுக்கும் என்று நினைக்கிறேன், தவறாகவும் இருக்கலாம்.

ஐடாவுக்கு என் ஆசிகள்.

உங்கள்,
ஆல்வின்

பின்குறிப்பு: தபாலில் சேர்க்குமுன் ஊர்வலம் முடிந்துவிட்டது. கயிற்று வாலுக்கு நல்ல கைதட்டல். வெர்னா தன் மேசைக்கே கூப்பிட்டு, பெரிய துண்டாக அந்தப் பலகாரத்தை வைத்தார்.

"உங்க ஓட்ஸ்ல ஒரே பூண்டு வாடை. ஜூனிபர் மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிச்சு. வாலை மென்னு தின்னது என் கன்னுக்குட்டி. போன வியாழக்கிழமையே கண்ணால பாத்துட்டேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!"

"வேலி பாதிதான முடிஞ்சிருந்துச்சு?"

ஆகவே மாப்பிள்ளை, மூன்றாவது குறிப்பு அப்படியே நிற்கட்டும்; பயிரில் பூண்டு வாடை என்றால் செலினியம் மிகுதி என்று அர்த்தம். இரண்டாவது தவறு.